மேல இருந்து மூணாவது

— அப்ப அவன் நம்ம ஜீப்புல வரலையா?

— யாரு மாமா?

— யாருன்னு ஒனக்குத் தெரியாது. காலைல பின்சீட்டுல காலை நீட்டிக்கிட்டு, “அண்ணா, கொஞ்சம் ஏசி போடுங்க”ன்னானே, அவன். ஜீப்புல ஏசி கேட்ட மொத ஆளு.

— ஹரி பஸ்ஸுல வாரானாம். நீங்க ரோட்டப் பாருங்க.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வத்தலக்குண்டுல ஏறுன, காட்ரோடும் தாண்டியாச்சு, ஒரு வார்த்த பேசல நீ.

— தல வலிக்கிது.

— காலைல வரும்போது ரெண்டு பேரும் கம்ப்யூட்டரத் தொறந்து வச்சுக்கிட்டு குசுகுசுன்னு பேசிக்கிட்டு வந்தீங்களே, அப்ப வலிக்கல.

— அது குசுகுசு இல்ல. வேலை.

— கண்ணாடியில தெரிஞ்சுச்சு. அவன் ஒரு தரம் சிரிச்சான். நீ ரெண்டு தரம் சிரிச்ச.

— எண்ணிக்கிட்டா வந்தீங்க?

— வண்டி ஓட்டுறவனுக்கு வேற என்ன சோலி?

— மாமா, முன்னாடி லாரி.

— தெரியுது. சரி, சொல்லு. கூட்டம் என்னாச்சு? மாசக் கடைசியோட ஒங்க ரெண்டு பேருல ஒருத்தருக்குத்தான் வேலைன்னு சொன்ன. இன்னொரு ஆளு வீட்டுக்கு. இன்னைக்கு முடிவாயிரும்னு சொன்ன. ஒங்க முருகானந்தம் சார் வாசல்ல நின்னு என்னையப் பாத்துத் தலைய ஆட்டுனாரு. அது நல்ல ஆட்டலா கெட்ட ஆட்டலான்னு எனக்குப் புரியல.

— சொல்றேன். மொதல்ல இருந்து சொல்றேன். குறுக்க பேசக் கூடாது.

— பேசல.

— கோயமுத்தூர்ல இருந்து ஒரு மேடம் வந்திருந்தாங்க. அவங்கதான் முடிவு பண்றவங்க. எந்தெந்த மலைச்சரிவுல மழைக்கு மண்ணு எறங்குதுன்னு ஆகாசத்துல இருந்து எடுத்த படத்தப் போட்டுக் காட்டணும். அஞ்சு ஊரு. ஒரு ஊருக்குப் பத்து நிமிஷம். மன்னவனூரு, பூம்பாறை, பள்ளங்கி, வட்டக்கானல், கவுஞ்சி.

— வட்டக்கானல் அவனோடதுதான?

— குறுக்க பேசக் கூடாதுன்னேன்.

— பேசல. கேட்டேன்.

— ஆமா, ஹரியோடது. பள்ளங்கி என்னோடது. மத்த மூணும் சாரோடது.

— வட்டக்கானல்ல ஒரு வாரம் தங்கிச் சரிவ அளந்தானாம். சரிவ அளக்குறவன் எதுக்குக் குடையோட வந்து ஒன்கூட நின்னு போட்டோ எடுத்துக்கணும்?

— மழை பேஞ்சுச்சு.

— எனக்கும்தான் மழை பேயுது. நான் ஒத்தையாத்தான் நனையுறேன்.

— மாமா, ஒரு குடைய இன்னும் எத்தனை மாசத்துக்குப் பேசுவீங்க?

— சரி விடு. அவன் எப்பப் பேசுனான்? எப்படிப் பேசுனான்? அதச் சொல்லு.

— ஒங்களுக்கு அவன் கதைதான் வேணுமா? என் கதை வேணாமா?

— ரெண்டும் சொல்லு. வெரசா சொல்லு.

— மன்னவனூரு நல்லாப் போச்சு. பூம்பாறையும் நல்லாப் போச்சு. மேடம் தலைய ஆட்டி எழுதிக்கிட்டாங்க. அவங்க இங்கிலீஷுல என்னமாச்சும் கேட்டா எல்லாரும் ஹரியத்தான் திரும்பிப் பாக்குறாங்க. அவன் கான்வென்ட்டுல படிச்சவன், பட்டுன்னு சொல்லிருவான்.

— பெரிய இங்கிலீஷு.

— அப்புறம் பள்ளங்கி வந்துச்சு. அதுதான் சரியா வரல.

— பள்ளங்கியா?

— ஆமா.

— வட்டக்கானல் இல்லையா?

— வட்டக்கானல் ஏன் மாமா சரியா வராமப் போகணும்?

— இல்ல... அவன் சோலி அப்படித்தான இருக்கும்னு கேட்டேன்.

— வட்டக்கானல் அருமையா வந்துச்சு. மேடம் ரெண்டு தரம் போடச் சொல்லிப் பாத்தாங்க.

— ரெண்டு தரமா?

— ரெண்டு தரம். வண்டிய ஏன் ஓரங்கட்டுறீங்க?

— பஸ்ஸு வருது.

— எங்க?

— வரும். நீ சொல்லு. பள்ளங்கிக்கு என்னாச்சு?

— தெரையில பள்ளங்கின்னு பேரு வருது. நான் மைக்கு வச்சுக்கிட்டு, “இது எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு, எட்டு மாசம் நடந்து பாத்த ஊரு”ன்னு ஆரம்பிச்சுட்டேன். படத்துல ஒரே கறுப்பு. அங்கங்க வெள்ளையா என்னமோ மெதக்குது. மேடம் மேகமான்னு கேட்டாங்க. சாரும் மேகம்தான் மேடம்னாரு. பக்கத்துல இருந்த ஒருத்தர் பெருசாக்கிப் பாத்துட்டு, மேகம் இல்ல, ஐஸுன்னாரு. வடதுருவத்துப் பக்கம் இருக்குற கடலாம்.

— பள்ளங்கில ஐஸா?

— கேரட்டு போடுற ஊருல ஐஸு. மொத ஒருத்தர் சிரிச்சாரு. அப்புறம் அரங்கமே சிரிச்சுச்சு.

— ஒன்னயப் பாத்தா?

— மைக்கு என் கையிலதான இருந்துச்சு. என்ன, பஸ்ஸு வரலையே?

— எந்தெந்தத் தோட்டத்துல மண்ணு வெடிச்சிருக்குன்னு வரப்பு வரப்பா நடந்தியே புள்ள. அந்த ஊரு வேலம்மாக்கா வீட்டுச் செவுத்துல வெரல் நுழையுற வெடிப்புன்னு வந்து சொன்னியே. அது எதையும் அவங்க பாக்கலையா?

— ஐஸத்தான் பாத்தாங்க.

— அது எப்படி அங்க போகும்? கொடைக்கானல் எங்க, வடதுருவம் எங்க?

— ஒரு எடத்துக்கு ரெண்டு நம்பரு. போன்ல மேப்பத் தொட்டீங்கன்னா பத்துங்கிறது மொதல்ல வரும், எழுபத்தேழுங்கிறது பின்னாடி வரும். எங்க புரோகிராமுக்கு எழுபத்தேழ மொதல்ல குடுக்கணும். ரெண்டையும் மாத்திக் குடுத்தா நேரா அங்க கொண்டுபோய் விட்டுரும்.

— அந்தத் தப்ப ஹரிதான பண்ணுவான்? ஏற்கெனவே ரெண்டு தரம் பண்ணியிருக்கான்னு சொல்லிச் சிரிச்சியே.

— நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்க.

— அவனச் சொல்லி நீ சிரிச்சா எனக்கு ஞாபகம் இருக்கும்.

— வண்டிய எடுங்க மாமா. பனி எறங்குது.

— கொஞ்ச நேரம் நிக்கட்டும். இஞ்சின் சூடு.

— சரி, நிக்கட்டும். ஒங்களுக்கு இந்த லிஸ்ட்டு வேலை எப்படின்னு சொல்லித் தரவா?

— இப்பவா?

— கேளுங்க. ஊருங்களோட பேரு ஒரு லிஸ்ட்டுல இருக்கும். எடத்தோட நம்பரு இன்னொரு லிஸ்ட்டுல இருக்கும். அந்த லிஸ்ட்டுல ஊரு பேரு கெடையாது. வெறும் நம்பரு, அஞ்சு வரி. நம்ம, இத்தனாவது ஆள அனுப்புன்னு கேட்டா புரோகிராம் அந்த வரிய எடுத்துக் குடுக்கும். ‘கெட்’டுன்னு எழுதி, அடைப்புக்குள்ள...

— நம்பரு போடணும். தெரியும்.

— எப்படித் தெரியும்?

— நீதான் போன்ல சத்தமாப் பேசுனியே. நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தேன். “என்னோடது ரெண்டு, ஒன்னோடது மூணு.” என்ன பேச்சு அது, ஒன்னோடது என்னோடதுன்னு? கட்டுனவன் வீட்டுல இருக்கும்போது?

— அவனுக்கு நான்தான் அதச் சொல்லிக் குடுத்தேன். கெட்டுன்னா என்னன்னு கூடத் தெரியாம வந்தான். ரெண்டே வாரம், என்னைய விட வேகமா எழுத ஆரம்பிச்சுட்டான். இப்ப சாருக்கு எல்லாத்துக்கும் ஹரிதான். அத விடுங்க. இப்ப எண்ணுங்க. மன்னவனூரு எத்தனை?

— ஒண்ணு.

— பூம்பாறை?

— ரெண்டு. என்ன பள்ளிக்கூடப் புள்ளையா நான்?

— பள்ளங்கி?

— மூ...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— இரு. ஒன்னோடது ரெண்டுன்னுதான சொன்ன?

— ஆமா, ரெண்டு.

— அப்ப ஒன்னோடது பூம்பாறையா?

— பள்ளங்கி. எட்டு மாசமா பள்ளங்கிதான்.

— அது மூணாவதாவுல்ல இருக்கு.

— வத்தலக்குண்டுல மீட்டரத் தட்டி விட்டீங்கள்ல, எத்தனைல இருந்து ஓட ஆரம்பிச்சுச்சு?

— சைபர்ல இருந்து.

— அதேதான். மன்னவனூரு சைபரு. பூம்பாறை ஒண்ணு. பள்ளங்கி ரெண்டு. வட்டக்கானல் மூணு. கவுஞ்சி நாலு. அஞ்சுன்னு கேட்டா அப்படி ஆளு இல்லன்னு செவப்பு எழுத்துல திட்டும்.

— எந்த ஊருல சைபர்ல இருந்து ஆள எண்ணுவாங்க? பஸ்ஸுல மொத டிக்கெட் எடுக்குறவன் சைபராவது ஆளா? பந்தியில மொத எலையில உக்காந்தவன் சைபராவது எலையா?

— எங்க ஆபீஸ்ல அப்படித்தான். கூட்டுற அக்காவுக்குக் கூடத் தெரியும்.

— அப்ப மூணுன்னா...

— நாலாவது வரி.

— மேல இருந்து மூணாவது வரின்னா...

— அது நான். தண்ணி குடிக்கிறீங்களா? மொகம் ஒரு மாதிரி இருக்கு.

— வேணாம்.

— எனக்கு ஒண்ணு மட்டும் தோணுச்சு மாமா. எங்க ஆளுங்க யாரும் கெடுக்கணும்னு நெனச்சா சரியான வரியிலதான் கைய வைப்பாங்க. மூணுன்னதும் மூணாவது வரிக்குப் போறவரு, சைபரு தெரியாத ஆளாத்தான் இருக்கணும்.

— என்ன சொல்ல வர்ற நீ?

— ஒண்ணும் சொல்லல.

— ஹரிதான் செஞ்சிருப்பான். ஒம்மேல அவனுக்குப் பொறாம.

— பொறாமையா? அவனுக்கா?

— எதுக்குச் சிரிக்கிற?

— அவங்க அப்பாவுக்குத் தாண்டிக்குடியில காப்பித் தோட்டம். இந்த வேலை போனா பெங்களூர்ல சித்தப்பா கம்பெனி. என்னையப் பாத்துப் பொறாமப்பட அவனுக்கு என்ன மாமா இருக்கு? நான் பழனிக்குப் பஸ்ஸு ஏறி எறங்கிப் படிச்சவ. மேடம் ஒரு கேள்வி கேட்டா, மனசுக்குள்ள தமிழ்ல வச்சு மாத்தி முடிக்கிறதுக்குள்ள அடுத்த கேள்வி வந்துரும்.

— அப்ப யாருக்குத்தான் பொறாம?

— அதத்தான் நானும் கேக்குறேன்.

— நீ எனக்கு ஒரு நாளு இதச் சொல்லிக் குடுத்தியா? அவனுக்கு ரெண்டு வாரம் உக்காந்து சொல்லிக் குடுத்திருக்க. நானும் மூணு செமஸ்டர் படிச்சவன்தான். மேக்கொண்டு போகல, அம்புட்டுதான். சைபர்ல ஆரம்பிக்கும்னு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா...

— சொல்லியிருந்தா? சொல்லுங்க மாமா. சரியான வரியில கைய வச்சிருப்பீங்களா?

— நீதான மூணுன்னு சொன்ன.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— ஒன்னயக் கெடுக்கணும்னு நெனக்கல லாவண்யா. மலை மேல உக்காந்திருக்குற முருகன் மேல சத்தியமா. அவன் நாலு பேரு முன்னாடி முழிக்கணும். அம்புட்டுதான். அவன் பண்ணுற தப்பு மாதிரியே இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு ரெண்டு நம்பரையும் மாத்தி வச்சேன். ஞாயித்துக்கெழம நீ ஒன் கூட்டாளி ஸ்வேதா புள்ளைக்குக் காது குத்துன்னு போயிருந்த. கம்ப்யூட்டர் கட்டில்ல கெடந்துச்சு.

— பாஸ்வேர்டு?

— நம்ம கல்யாணத் தேதி. அதையாவது மாத்தாம வச்சிருக்காளேன்னு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம்தான் செஞ்சேன்.

— நான் திங்கக்கெழம காலைல தொறந்து கூடப் பாக்காம அத ஹரிக்கு அனுப்பிட்டேன். எல்லாத்தையும் ஒண்ணாச் சேக்குறது அவன் பொறுப்பு.

— கீழ பஸ்ஸுக்கு நின்ன சனத்துல போயி ஓங்கி ஒரு கத்து கத்தலாம்னு இருக்கு. எட்டு மாசம். என் கையாலயே. அப்ப ஒன் வேலை போச்சா?

— கதை இன்னும் முடியல. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னேன்ல. சாருக்கு மொகம் செவந்து போச்சு. இத யாரு பண்ணுனதுன்னு கேட்டாரு. நான் பதில் சொல்லல. கடைசி வரிசையில இருந்து ஹரி எந்திரிச்சான்.

— அவன் எதுக்கு எந்திரிக்கணும்?

— “லிஸ்ட்ட சேத்தது நான் சார். நான்தான் மாத்திப் போட்டிருப்பேன். லாவண்யா மேல தப்பு இல்ல”ன்னான்.

— ஒனக்காகவா?

— பாத்தீங்களா, இப்பவும் அதத்தான் கேக்குறீங்க. எனக்காக இல்ல. அவன் நெசமாவே அப்படி நம்புறான். ரெண்டு தரம் பண்ணுனவன்ல, இதுவும் தன் கைதான்னு நெனச்சுட்டான்.

— தோட்டக்காரப் பயலுக்கு இம்புட்டு நேர்மையா?

— இருக்கு. அதுவும் அவனுக்கு இருக்கு.

— அதுக்கு மேடம் என்ன சொன்னாங்க?

— மேடம் சாரப் பாத்தாங்க. சாரு, “மூணாவது தரம்ப்பா”ன்னு மட்டும் சொன்னாரு. டீ குடிக்க விட்டாங்க. டீ முடிஞ்சதும் ஹரியக் கூப்புட்டு அஞ்சு நிமிஷம் பேசுனாங்க. அவன் பையத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான்.

— ஓகோ. அதான் ஜீப்புல வரலையா?

— அதான் வரலை.

— போகும்போது ஒன்கிட்ட எதுவும் சொன்னானா?

— சாரின்னான்.

— அவன் ஒன்கிட்ட சாரி கேட்டானா?

— என் எட்டு மாசத்தக் கெடுத்துட்டேன், சாரின்னான். என்ன மாமா, நீங்க ஆசப்பட்ட மாதிரிதான ஆச்சு? நாலு பேரு முன்னாடி முழிச்சான்.

— முழிக்கணும்னுதான் நெனச்சேன். வீட்டுக்குப் போகணும்னு நெனக்கல. ஏசி கேட்டான், குடை புடிச்சான், எனக்கு அவனப் புடிக்கல. அதுக்காக செய்யாத தப்ப அவன் தலையில கட்டுறதா? போன் அடிக்கிது பாரு.

— அடிக்கட்டும்.

— ஹரின்னு வருது. எடு.

— வேணாம்.

— எடு புள்ள. ஸ்பீக்கர்ல போடு. நானே சொல்லிர்றேன், நான்தான் மாத்துனேன், ஒன் மேல தப்பு இல்லன்னு. ஒங்க சார் என்ன, என்னைய ஜெயில்லயா போடப்போறாரு? பொண்டாட்டி கம்ப்யூட்டரத் தொட்டேன், அம்புட்டுதான். திட்டுனா வாங்கிக்கிர்றேன். எடு.

— நின்னுருச்சு.

— நீயே போடு.

— மாமா, ஊத்து தாண்டிட்டா டவர் கெடைக்காது.

— அதான், இங்கயே போடுன்னு சொல்றேன். ஏன் போன கவுத்தி வைக்கிற? இங்க பாரு, ஒம்மேல என்ன தப்பு இருக்கு? அவன் எந்திரிச்சப்ப ஒனக்கு எதுவும் தெரியாது. இப்ப நான் சொல்லித்தான தெரியுது. தெரிஞ்ச ஒடனே சொல்லிட்டோம்னு இருக்கட்டும். ஒன் வேலைக்கு என்ன ஆகுதோ ஆகட்டும். நான் இன்னும் ரெண்டு சவாரி கூடப் போறேன். போடு.

— அவன் எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஃபைலோட தேதியப் பாத்துட்டேன் மாமா. ஞாயித்துக்கெழம, மதியம் ரெண்டே கால், என்னோட லேப்டாப்பு. அவன் பேசி முடிச்சு உக்காருற வரைக்கும் மைக்கு என் கையிலதான் இருந்துச்சு. வேலை ஆர்டரு என் பையில இருக்கு. வண்டிய எடுங்க.